சாணியிலேயே இருக்கிறது தண்ணீர்

நாங்குநேரிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் எங்கள் பெரியம்மா வீடு. தொழுவுக்குப் பின்னால் கோபர் கேஸ், அதாவது சாண எரிவாயுத் தொட்டி ஒன்று கட்டியிருந்தார்கள். இரண்டு வருஷம் அதில்தான் சோறு பொங்கியது, அப்புறம் நின்றுவிட்டது. தொட்டியில் கீறல் விழவில்லை, குழாயும் கெடவில்லை, தொழுவில் அஞ்சு மாடும் அப்படியே நின்றன. "ஏன் பெரியம்மா விட்டுட்டிய?" என்று கேட்டேன்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டவே குடத்தத் தூக்கிட்டு அலையுதேன். அந்தத் தொட்டிக்கு வேற தினம் மூணு குடம் நான் எங்கல போயி எடுப்பேன்?" என்றார்.

பெரியம்மா சொன்ன கணக்கு சரியானதுதான். சாண எரிவாயு என்றதும் எல்லோரும் சொல்லித் தரும் முதல் பாடம், ஒரு பங்கு சாணிக்கு ஒரு பங்கு தண்ணீர். அஞ்சு மாட்டுச் சாணி ஒரு நாளைக்குச் சுமார் 50 கிலோ என்றால் தண்ணீரும் 50 லிட்டர் வேண்டும். 15 லிட்டர் குடத்தில் மூன்று குடத்துக்கு மேல். வருஷத்துக்கு 18,000 லிட்டரைத் தாண்டிவிடும். அம்பாசமுத்திரத்திலும் கல்லிடைக்குறிச்சியிலும் தாமிரபரணிக் கால்வாய் வாசலிலேயே ஓடுகிற வீடுகளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ராதாபுரம், மானூர் பக்கத்து மானாவாரி ஊர்களில் சித்திரை, வைகாசியில் குடிதண்ணீருக்கே லாரியை எதிர்பார்த்து நிற்கும்போது 50 லிட்டரைக் கொண்டுபோய்ச் சாணியில் ஊற்ற யாருக்கு மனசு வரும்?

ஆனால் அவ்வளவு தண்ணீர் தேவையே இல்லை. காரணம் தெரிய, தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கோடையில் வற்றி வரும் குளத்தில் இறங்கிச் சேற்றை மிதித்தவர்களுக்குத் தெரியும், காலடியிலிருந்து குமிழ் குமிழாக வாயு கிளம்பும். அந்தக் குமிழில் இருப்பது பெரும்பாலும் மீத்தேன். 1776-இல் வோல்டா என்ற இத்தாலிய விஞ்ஞானி ஒரு ஏரிச் சேற்றிலிருந்து இந்த வாயுவைப் பிடித்து, அது எரியும் என்று காட்டினார். ராத்திரியில் குளக்கரையில் கொள்ளிவாய்ப் பிசாசு திரிகிறது என்று நம் பெரியவர்கள் சொன்னதற்கும் இந்தச் சேற்று வாயுதான் காரணம் என்பவர்கள் உண்டு. காற்றுப் புகாத இடத்தில் இலையும் தழையும் மட்கினால் மீத்தேன் பிறக்கும். சாண எரிவாயுத் தொட்டியும் அப்படிப்பட்ட ஒரு குளத்துச் சேறுதான். மேலே மூடி போட்டு, வருகிற வாயுவைக் குழாய் வழியாக அடுப்புக்குக் கொண்டுவருகிறோம்.

மட்க வைப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகள். ஒரே வகை உயிரி எல்லா வேலையையும் செய்துவிடாது. முதலில் ஒரு கூட்டம் வைக்கோலிலும் புல்லிலும் உள்ள நாரை உடைத்துச் சர்க்கரை போன்ற சின்னப் பொருள்களாக்கும். அடுத்த கூட்டம் அதைத் தின்று அமிலமாக்கும். தொட்டி அப்போது புளிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கடைசியாக வருகிற கூட்டம் அந்தப் புளிப்பைத் தின்று மீத்தேனை வெளிவிடும். முதல் இரண்டு கூட்டமும் முரட்டுப் பிறவிகள், வேகமாகப் பெருகும். கடைசிக் கூட்டம் நோஞ்சான் உடம்புக்காரர்கள். காற்றுப் பட்டால் செத்துப்போகும், புளிப்பு மிஞ்சினால் வேலையை நிறுத்திவிடும், பெருகுவதும் மெதுவாகத்தான். தொட்டி வைத்திருப்பவர் பார்க்க வேண்டியதெல்லாம் இந்தக் கடைசிக் கூட்டத்தின் சௌகரியத்தைத்தான். இதை மனசில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப் போகும் எல்லாம் தானாகப் புரியும்.

இந்த உயிரிகளை நாம் எங்கும் தேடிப்போக வேண்டாம். மாட்டின் முதல் இரைப்பைக்குள் இதே வேலைதான் ராவும் பகலும் நடக்கிறது. அதனால் சாணி வெளியே வரும்போதே உறைமோரைத் தன்னோடு கொண்டு வருகிறது.

தண்ணீரையும் அது கொண்டு வருகிறது. புதுச் சாணியில் நூற்றுக்கு 80 பங்கு தண்ணீர், மீதி 20 பங்குதான் திடப்பொருள். 50 கிலோ சாணியை அள்ளும்போதே 40 லிட்டர் தண்ணீரையும் சேர்த்துத்தான் அள்ளுகிறோம். நாம் மாட்டுக்குக் காட்டிய தண்ணீர்தான் அது. நுண்ணுயிரிகள் நனைந்து, நீந்தி, தின்ன அது போதும். பிறகு எதற்கு இன்னும் 50 லிட்டர்?

முதல் காரணம் குழாய். தொட்டிக்குள் சாணி போகிற குழாய் ஒடுக்கமாகவும் சாய்வாகவும் இருப்பதால், கரைத்து ஊற்றினால்தான் அது இறங்கும். இரண்டாவது, வெளியேறும் வழி. நம் பக்கம் அதிகம் கட்டப்பட்ட தீனபந்து மாதிரித் தொட்டி 1984-இல் வந்தது. செங்கலும் சிமெண்டும் கொண்டு முழுக்க மண்ணுக்குள் கட்டுவது. அதில் வாயு மேலே கூடக்கூட, கீழே உள்ள கரைசலை அழுத்தி வெளித்தொட்டிப் பக்கம் தள்ளும். அடுப்பைத் திறந்ததும் அந்தக் கரைசல் திரும்பி வந்து வாயுவைத் தள்ளிவிடும். இந்தப் போக்குவரத்துக்குக் கரைசல் இளக்கமாக இருக்க வேண்டும். ஆக, தண்ணீரைக் கேட்பது பெரும்பாலும் கட்டடம். கட்டடத்தை மாற்றினால் தண்ணீரைக் குறைக்கலாம்.

இதைச் செய்து பார்த்தவர்கள் நம்மைவிடக் காய்ந்த ஊர்க்காரர்கள். ராஜஸ்தானில் உதயப்பூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரியில், தீனபந்து மாதிரியிலேயே சில மாற்றங்கள் செய்து, தண்ணீர் கலக்காத சாணியைப் போடும் தொட்டியை உருவாக்கினார்கள். உள்ளே போகும் குழாய் அகலமாக, நேராகக் கீழே இறங்கும். வெளியேறும் வாயும் அகலம். அடிப்படையில் அவ்வளவுதான் மாற்றம். சாணி தன் கனத்திலேயே இறங்கும், வாயுவின் அழுத்தத்திலேயே வெளியேறும்.

பதம் எப்படி என்று நம் அடுக்களைக் கணக்கில் சொல்கிறேன். வழக்கமான தொட்டிக்குத் தோசை மாவுப் பதம் வேண்டும். இந்தத் தொட்டிக்கு உளுந்தங்களியைக் கிண்டி இறக்கிய சூட்டில் இருக்குமே, அந்தப் பதம் போதும். கரண்டியில் எடுத்தால் கொஞ்சம் நின்று, அப்புறம் கட்டியாக விழும். அளவாகச் சொன்னால் நாலு வாளி சாணிக்கு ஒரு வாளி தண்ணீர். பச்சைப்புல் மேய்ந்த மாட்டின் சாணி இளக்கமாகவே இருக்கும், அதற்கு அந்த ஒரு வாளிகூட வேண்டாம். வெறும் வைக்கோலும் சோளத்தட்டையும் தின்கிற கோடைக்காலத்துச் சாணிக்கு ஒரு வாளி ஊற்றுங்கள். பெரியம்மா வீட்டுக் கணக்கில் 50 லிட்டர் 12 லிட்டராகிவிடும். மூன்று குடத்துக்கு மேல் சுமந்த இடத்தில் ஒரு குடம்கூட நிறையத் தேவையில்லை.

அந்த 12 லிட்டரும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டியதில்லை. தொட்டியிலிருந்து வெளிவரும் கழிவுச் சாணத்தை ஒரு சாக்கில் கட்டித் தொங்கவிட்டால் கொஞ்சம் சாறு வடியும். அதையே திரும்ப ஊற்றலாம். அதில் மீத்தேன் கூட்டம் உயிரோடு இருப்பதால் தண்ணீரைவிட அதுவே மேல். மாட்டு மூத்திரத்தையும் கொஞ்சம் சேர்க்கலாம். ஆனால் தண்ணீருக்குப் பதிலாக முழுக்க அதையே ஊற்றிவிடக் கூடாது. அதில் உள்ள யூரியா அம்மோனியாவாக மாறும். தண்ணீர் குறைந்த தொட்டியில் அம்மோனியா கரைந்து போக வழியில்லாமல் திரண்டு, அந்த நோஞ்சான் உடம்புக்காரர்களைத்தான் முதலில் அடிக்கும். கோழிக் கழிவை இந்தத் தொட்டியில் போட வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம். சோப்புத் தண்ணீர், பினாயில் ஊற்றிக் கழுவிய தண்ணீர் பக்கத்திலேயே வரக்கூடாது. கழனித்தண்ணீர் மாட்டுக்கே போகட்டும்.

ஆட்டுப் புழுக்கை போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போடலாம், ஆனால் காய்ந்த புழுக்கை ஊறி உடைய நிறையத் தண்ணீர் கேட்கும். அது நம் நோக்கத்துக்கே எதிர். கிடை போட்டு நிலத்திலேயே விட்டுவிடுவதுதான் நல்லது.

தண்ணீரைக் குறைப்பதால் கிடைக்கும் இன்னொரு லாபத்தைப் பலரும் கவனிப்பதில்லை. தினம் 50 கிலோ சாணியும் 50 லிட்டர் தண்ணீரும் போட்டால் தொட்டிக்குள் தினம் 100 லிட்டர் இடம் போகும். நம் வெப்பத்துக்குச் சாணி உள்ளே 40 நாளாவது தங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 4,000 லிட்டர் தொட்டி வேண்டும். தண்ணீர் 12 லிட்டர் மட்டும் என்றால் தினம் 62 லிட்டர்தான். அதே 4,000 லிட்டர் தொட்டியில் சாணி 64 நாள் தங்கும். கெட்டியான சாணி கொஞ்சம் மெதுவாகத்தான் மட்கும். அதற்குத் தேவையான கூடுதல் நாள் இப்படித் தானாகவே கிடைத்துவிடுகிறது. செலவைக் குறைக்க வேண்டும் என்று தொட்டியைச் சிறிதாக்குகிறவர்களும் உண்டு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். இடமிருந்தால் வழக்கமான அளவிலேயே கட்டுங்கள், பிழை செய்தாலும் தாங்கும்.

வெப்பத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். இந்த உயிரிகளுக்கு 30 முதல் 35 டிகிரி வரை உள்ள சூடு மிகவும் பிடிக்கும். வடக்கே பனிக்காலத்தில் கேஸ் பாதியாகிவிடும். நமக்குக் கார்த்திகை மழையில் கொஞ்சம் சுணங்கும், அவ்வளவுதான். வெயிலைத் திட்டிக்கொண்டே இருக்கிற நமக்கு அது உபகாரம் செய்யும் இடம் இது.

ஆனால் காற்று வேறு கதை. பணகுடி, காவல்கிணறு பக்கம் ஆனி, ஆடியில் அடிக்கிற காற்றில் சாணி ஒரு மத்தியானத்துக்குள் மேலே தோல் கட்டிவிடும். தோல் கட்டிய சாணிக்கு மறுபடியும் தண்ணீர் ஊற்றிக் கரைக்க வேண்டிவரும். காற்றுப் பட்டதில் மீத்தேன் கூட்டமும் குறைந்திருக்கும். காலையில் தொழுவைப் பெருக்கிய கையோடு தொட்டியில் போட்டுவிடுங்கள். முடியாவிட்டால் ஈரச்சாக்கு போட்டு மூடி நிழலில் வையுங்கள். வரட்டி தட்டக் காய்கிற சாணியும் எருக்குழியில் கிடக்கிற பழைய சாணியும் இதற்கு ஆகாது.

அடுத்தது மணல். தண்ணீர் குறைந்த தொட்டிகளைக் கெடுப்பதில் இதற்குத்தான் முதலிடம் என்பேன். செம்மண் தரையில் கட்டிய மாட்டின் சாணியை வழித்து அள்ளினால் பாதி மண் வரும். அந்த மண் தொட்டியின் அடியில் படிந்து, வருஷா வருஷம் உயர்ந்து, கடைசியில் சாணிக்கு இடமே இல்லாமல் செய்துவிடும். இளக்கமான கரைசலிலாவது ஊற்றும்போதே மணலைத் தெளியவைத்து நிறுத்தலாம். கெட்டிச் சாணியில் அதற்கு வழியில்லை. மாடு கட்டுகிற இடத்தில் கல் பாவுங்கள், அல்லது சிமெண்டுத் தளம் போடுங்கள். தொட்டிக்குச் செலவழிக்கும் முன் தளத்துக்குச் செலவழிக்கச் சொல்வேன். நீளமான வைக்கோலும் உள்ளே போகக் கூடாது. கைக்குத் தட்டுப்பட்டால் எடுத்துப் போட்டுவிட வேண்டும்.

முதல் தடவை நிரப்புவதற்குப் பொறுமை வேண்டும். தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நிரப்பினால் உள்ளே காற்று அதிக நாள் தங்கும். பக்கத்து வீடுகளிலும் சொல்லிவைத்து, சில நாள்களுக்குள் மொத்தமாகப் போட்டு நிரப்பிவிடுவது நல்லது. ஏற்கனவே ஓடுகிற தொட்டி ஏதாவது அருகில் இருந்தால் அங்கிருந்து கழிவுச் சாணம் பத்து வாளியாவது கொண்டுவந்து கலக்குங்கள். மாவுக்குப் பழைய மாவு சேர்ப்பது போலத்தான். பிறகு இரண்டு, மூன்று வாரம் ஒன்றும் போடாமல் விட்டுவிட வேண்டும். முதலில் வருகிற வாயு எரியாது, அது பெரும்பாலும் கரியமில வாயுவும் உள்ளே இருந்த காற்றும்தான். அதைத் திறந்துவிட்டு வெளியேற்றுங்கள். காற்றோடு கலந்த மீத்தேன் வெடிக்கும் என்பதால் தொட்டி வாயிலோ குழாய் நுனியிலோ தீக்குச்சியைக் கொண்டுபோகவே கூடாது. எரித்துப் பார்ப்பதை அடுப்பில்தான் செய்ய வேண்டும்.

நீல ஜுவாலை நின்று எரியத் தொடங்கியபின் தினசரிச் சாணி போடலாம், அதையும் பாதி அளவிலிருந்து. இங்கேதான் ஆசை கெடுக்கும். கேஸ் வருகிறதே என்று நிறையப் போட்டால் முரட்டுக் கூட்டம் அதைத் தின்று புளிப்பை உண்டாக்கிக்கொண்டே போகும், கடைசிக் கூட்டத்தால் ஈடுகொடுக்க முடியாது. தண்ணீர் குறைந்த தொட்டியில் புளிப்பு ஒரே இடத்தில் தேங்கி நிற்கும் என்பதால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். வாயு வரும், ஆனால் அடுப்பு அணைந்து அணைந்து போகும். வெளிவரும் சாணத்தில் புளித்த வாடை அடிக்கும். அப்படியானால் ஒரு வாரம் பத்து நாள் சாணி போடுவதை நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். வேறு தொட்டியின் கழிவுச் சாணம் கிடைத்தால் கொஞ்சம் சேர்த்தால் இன்னும் சீக்கிரம் தேறும்.

எவ்வளவு கேஸ் கிடைக்கும்? ஒரு கிலோ சாணிக்கு 40 லிட்டர் வாயு என்று தோராயமாக வைக்கலாம். 25 கிலோவுக்கு ஒரு கன மீட்டர். நாலு பேர் உள்ள வீட்டின் ஒரு நாள் சமையலுக்கு அது போதும். அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் மீத்தேன், மற்றதில் பெரும்பகுதி கரியமில வாயு. அதனால் சூட்டில் ஒரு கன மீட்டர் சாண வாயு சுமார் 430 கிராம் சிலிண்டர் கேஸுக்குச் சமம். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சிலிண்டர் மிச்சம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் அடுப்பை அப்படியே மாட்ட முடியாது. இந்த வாயுவுக்கு வாயு வரும் துளை பெரிதாக உள்ள தனி அடுப்பு வேண்டும். மாடுகளின் எண்ணிக்கையைப் பார்க்கும்போது மேய்ச்சலையும் நினைத்துக்கொள்ளுங்கள். பகல் முழுக்கக் காட்டில் மேய்கிற மாடு பாதிச் சாணியைக் காட்டிலேயே போட்டுவிடும். தொழுவில் கிடைப்பதை ஒரு வாரம் நிறுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் தொட்டியின் அளவை முடிவு செய்யுங்கள்.

ஏற்கனவே பழைய தொட்டி வைத்திருப்பவர்கள் நாளைக்கே கெட்டிச் சாணியைத் திணித்துவிட வேண்டாம், குழாய் அடைத்துக்கொள்ளும். வாரத்துக்குக் கொஞ்சமாகத் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வந்து, சாணி இறங்கத் தயங்குகிற இடத்தில் நின்றுவிடுங்கள். அதற்கும் கீழே போக வேண்டுமென்றால் உள்வழியையும் வெளிவழியையும் உடைத்து அகலப்படுத்த வேண்டும். உள்குழாய் குறைந்தது ஓரடி அகலமாவது இருக்கட்டும். இந்த வேலைக்கு முன் தொட்டியைக் காலி செய்ய வேண்டியிருந்தால், ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: ஒருவரும் உள்ளே இறங்கக் கூடாது. காலியான தொட்டியில் கரியமில வாயுவும் அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் அடியில் தங்கியிருக்கும். மூச்சு விடக் காற்றே இருக்காது. இறங்கியவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து சாகிறார். வாயைத் திறந்து பல நாள் காற்றாட விட்டு, அதன் பிறகும் பழகிய ஆளை வைத்தே செய்யுங்கள்.

பெரியம்மா வீட்டுத் தொட்டியின் இரண்டு வாயையும் அப்படி அகலப்படுத்தியாகிவிட்டது. தொழுவிலும் கல் பாவியிருக்கிறோம். கேஸைவிடப் பெரியம்மாவுக்குப் பிடித்துப்போனது வெளியே வருகிற சாணம்தான். முன்பெல்லாம் அது தண்ணீராக ஓடி வந்து, பக்கத்தில் குழி வெட்டிக் காயவைத்து, கொசு மொய்த்து, பெரும்பாடு. இப்போது கெட்டியாக வருவதால் இரண்டு நாள் நிழலில் ஆறவிட்டு ஓலைப்பெட்டியில் அள்ளிவிடலாம். வாயுவாகப் போனதில் கரியும் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும்தான் அதிகம். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாம் வெளியே வரும் சாணத்தில் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. முருங்கைக்குப் போட்டது போக மீதியைக் களக்காட்டில் வாழை வைத்திருக்கிற மருமகன் கேட்டுக்கொண்டே இருக்கிறார். "என் முருங்கைக்கே பத்தல" என்று பெரியம்மா இன்னும் கொடுக்கவில்லை.